உக்காந்திருக்கிற பெண்ணோட கோட்டோவியத்தை எப்படிப் படிக்கிறது: ஷீலேவோட 1917 படத்தை வச்சு ஒரு வழிகாட்டி

ஆர்ட் ஹிஸ்டரி கோர்ஸ்ல புதுசா சேர்றவங்களுக்கும், படம் வரையக் கத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கும் சீக்கிரமே இந்த மாதிரி ஒரு அசைன்மென்ட் வந்துடும். ஒரு பெண் உக்காந்திருக்கா, பின்னாடி ஒன்னும் கிடையாது, கோடுதான் இருக்கு, இதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. பெரிய பெயிண்டிங்னா பேச ஆயிரம் விஷயம் இருக்கும், இதுல எதைப் பேசுறதுன்னே தெரியாது. நானும் இதுல ரொம்ப நாள் திணறினேன், படிப்படியா தமிழ்ல சொல்லித்தர யாரும் கிடைக்கல, அதனாலதான் இதை எழுதுறேன்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு படத்தை எடுத்துக்குறேன். எகோன் ஷீலேங்கிற ஆஸ்திரிய ஓவியர் 1917ல வரைஞ்சது, முழங்காலை மடக்கி உக்காந்திருக்கிற பெண், இப்ப பிராக் நேஷனல் கேலரியில இருக்கு. பச்சை மேல்சட்டை, செம்பட்டை முடி, கறுப்பு ஸ்டாக்கிங்ஸ், தூக்கி வச்ச முழங்கால் மேல தலையைச் சாய்ச்சு நம்மளையே பாக்குற பெண், பாத்தா உங்களுக்கே ஞாபகம் வரும். கலர் இருக்கேன்னு கேப்பீங்க, கலரை எடுத்துட்டாலும் படம் நிக்கும், கோட்டை எடுத்தா ஒன்னுமே இருக்காது, அதனால இது கோட்டுப் படம்தான்.

இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வர்றது ஒன்னுதான். அந்தப் பெண் மனசுல என்ன ஓடுதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி, அந்தக் கோடு பேப்பர்ல என்ன செஞ்சிருக்குன்னு கேளுங்க.

தேவைப்படுற நேரம், தினம் ஒரு மணி நேரம் வச்சா ஒரு வாரம். செலவு, வீட்ல இருந்தே செஞ்சா பிரிண்ட், டிரேசிங் பேப்பர், ரெண்டு பென்சில், அவ்வளவுதான்.

1. நல்ல இமேஜைப் பிடிங்க

சமூக ஊடகத்துல சுத்துற படத்தை எடுக்காதீங்க. இந்த ஷீலே படத்துக்கு எக்கச்சக்கமான வெர்ஷன் இருக்கு, போஸ்டர் விக்கிறவங்க பேப்பரோட மங்கல் நிறத்தை வெளுத்து வெள்ளையாக்கி, பச்சையை ஏத்தி, ஓரத்தையும் வெட்டி வச்சிருப்பாங்க. ஓரம் போச்சுன்னா பாதி விஷயம் போச்சு, ஏன்னு அஞ்சாவது படியில சொல்றேன். எந்த மியூசியத்துல அந்தப் படம் இருக்கோ அவங்க ஆன்லைன் கலெக்‌ஷன்லதான் முதல்ல தேடணும். வியன்னாவுல ஆல்பர்டினா, லியோபோல்ட் மியூசியம், நியூயார்க்ல மெட்ரோபாலிட்டன், எல்லாருமே ஷீலே படங்களை ஆன்லைன்ல வச்சிருக்காங்க. மெட்ரோபாலிட்டன் 2017ல இருந்து காப்புரிமை முடிஞ்ச படங்களை யாரும் எதுக்கும் எடுத்துக்கலாம்னு திறந்தே விட்டுட்டாங்க, காசு கிடையாது, பதிவும் வேணாம்.

காப்புரிமை விஷயத்துல ஒரு எச்சரிக்கை. ஷீலே 1918ல இறந்துட்டார், அதனால பிரச்சினையே இல்ல. பிக்காசோ படத்தைத் தேர்ந்தெடுத்தீங்கன்னா கதை வேற, அவர் இறந்தது 1973, இந்தியக் கணக்குல ஓவியர் இறந்து 60 வருஷம், அதாவது 2033 முடிவு வரைக்கும், ஐரோப்பாவுல 70 வருஷம், 2043 முடிவு வரைக்கும். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1954ல இறந்தவர், அவர் படங்களுக்கு ரெண்டு இடத்துலயுமே காலம் முடிஞ்சிடுச்சு. வகுப்புக்கு எழுதுறதுக்கு இது தடை இல்ல, புத்தகமா போடப் போறீங்கன்னா முதல் நாளே பாத்துடுங்க, கடைசி நேரத்துல படத்தை மாத்துனா எழுதுனதெல்லாம் வீண்.

அடுத்து பிரிண்ட். இந்தப் படத்தோட அளவு சுமார் 46 x 30.5 செ.மீ. ஏ3 பேப்பர் 42 x 29.7, அதனால ஏ3ல போட்டா கிட்டத்தட்ட நிஜ அளவுக்கே வந்துடும். ஜெராக்ஸ் கடையில ஓரம் வெட்டாம போடுங்கன்னு சொல்லிடுங்க, இல்லைன்னா பேப்பர் முழுசா நிரப்புறேன்னு அவங்க பெருசு பண்ணிடுவாங்க. நிஜ அளவு ஏன் முக்கியம்னா, கை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்குன்னு அப்பதான் உடம்புக்குத் தெரியும். போன் ஸ்கிரீன்ல விரல் நீளம் இருக்கிற கோடு நிஜத்துல தோள்ல இருந்து கையை இழுத்துப் போட்ட கோடா இருக்கும்.

2. படத்தோட ஆவணங்களைச் சேருங்க

பேர், வருஷம், மீடியம் (எதால, எது மேல வரைஞ்சது), அளவு, இருக்கிற இடம், கேட்டலாக் நம்பர், கை மாறுன வரலாறு. இந்த ஏழு விவரத்தையும் ஒரு தாள்ல எழுதிட்டுத்தான் மேல போகணும்.

ஷீலேவுக்கு இது சுலபம். ஜேன் காலிர் தொகுத்த முழுமையான கேட்டலாக் 1990ல வந்தது, இப்ப அது ஆன்லைன்லயே இலவசமா இருக்கு. பெயிண்டிங்குக்கு பி-யில ஆரம்பிக்கிற நம்பர், டிராயிங்குக்கு டி-யில ஆரம்பிக்கிற நம்பர். உங்க கட்டுரையில டி நம்பரைப் போட்டுட்டீங்கன்னா எந்தப் படத்தைச் சொல்றீங்கன்னு குழப்பமே வராது, ஏன்னா "உக்காந்திருக்கிற பெண்"ன்னு ஷீலே வரைஞ்சது ஏராளம்.

இங்கதான் பெரிய பொறி இருக்கு, தலைப்பு. இந்த மாதிரி டிராயிங்குகள்ல பெரும்பாலும் தலைப்புங்கிறது பின்னாடி வந்தவங்க அடையாளத்துக்காக வச்ச விவரிப்பு. ஒரே படம் ஒரு புத்தகத்துல "முழங்காலை மடக்கிய பெண்", இன்னொன்னுல "உக்காந்திருக்கும் பெண்", மூணாவதுல "ஓவியரின் மனைவி"ன்னு இருக்கும். தலைப்புல இருக்கிற வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு "ஓவியர் இதற்கு இப்படிப் பெயர் வைத்ததன் மூலம்"னு ஒரு பாரா எழுதுறவங்க நிறைய, அது முழுசா காத்துல போயிடும்.

கை மாறுன வரலாறை நிறைய பேர் தாண்டிப் போயிடுறாங்க, தாண்டாதீங்க. ஆஸ்திரியா நாஜிகள் பிடியில இருந்த 1938ல இருந்து 1945 வரைக்கும் அந்தப் பேப்பர் யார்கிட்ட இருந்ததுன்னு பாருங்க. ஷீலே படங்களை நிறைய வாங்கினவங்கள்ல வியன்னாவோட யூத சேகரிப்பாளர்கள் உண்டு. ஃப்ரிட்ஸ் க்ரூன்பாம்னு ஒரு கேபரே கலைஞர், அவர் 1941ல டாகாவ் நாஜி வதை முகாம்ல இறந்தார், அவர் வச்சிருந்த ஏழு ஷீலே படங்களை 2023 செப்டம்பர்ல அமெரிக்க மியூசியங்களும் சேகரிப்பாளர்களும் அவர் வாரிசுகள்கிட்ட திருப்பிக் கொடுத்தாங்க. கோட்டைப் பத்தி எழுதுறப்ப இதெல்லாம் எதுக்குன்னு தோணலாம், ஆனா அந்தப் பேப்பர் நம்ம கண்ணு வரைக்கும் வந்த வழியை ஒரு வரியாவது சொல்லணும்ங்கிறது என் கருத்து.

3. எழுதாம பாருங்க

இருபது நிமிஷம், போன் வேற ரூம்ல, பேனா கையில வேணாம். முதல் அஞ்சு நிமிஷத்துல எல்லாம் பாத்தாச்சுன்னு தோணும், பத்தாவது நிமிஷத்துல போரடிக்கும், அதுக்கு அப்புறம்தான் கண்ணு உண்மையிலயே வேலை செய்ய ஆரம்பிக்கும். இதைச் சுருக்காதீங்க.

4. டிரேஸ் பண்ணுங்க, கோட்டைக் கையால கேளுங்க

இந்தப் படிதான் எல்லாத்தையும் விட முக்கியம், இதுக்கே ரெண்டு நாள் ஒதுக்குங்க. பிரிண்ட் மேல டிரேசிங் பேப்பரை வச்சு, ஒரு மெத்தான பென்சிலால, 4பி போதும், கோட்டு மேலயே போங்க. அழகா வரணும்னு அவசியம் இல்ல, ஒவ்வொரு இடத்துலயும் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கிட்டே போகணும்: கோடு எங்க ஆரம்பிக்குது, எங்க கை தூக்கியிருக்கார், எங்க அழுத்தம் கூடுது, எந்தக் கோடு எதுக்கு முன்னாடி வந்தது, எங்க கோடே போடாம விட்டிருக்கார்.

முழங்காலை எடுத்துக்கோங்க. அங்க எலும்பு, சதை, துணி, மூணும் சேருது, கூடவே முகமும் வந்து அது மேல சாயுது. அந்தக் கன்னமும் முழங்காலும் தொடுற இடத்துல மெதுவா போங்க. ரெண்டு உருவம் தொடுற இடத்துல ரெண்டு கோடு வேணுமா ஒரு கோடு போதுமாங்கிறது வரையிறவங்க எல்லாருக்கும் வர்ற பிரச்சினை. அந்த இடத்துல கோடு கன்னத்துக்குச் சொந்தமா, முழங்காலுக்குச் சொந்தமா, யார் முன்னாடி யார் பின்னாடின்னு கையால போய்ப் பாத்தாதான் பிடிபடும். தலையோட முழு பாரமும் அங்கதான் இறங்குது, அந்த பாரத்தை ஷேடிங் போட்டுக் காட்டல, கோடு தொடுற விதத்துலயே காட்டியிருக்கார், இதை ஒரு தடவை டிரேஸ் பண்ணாம எவ்வளவு புத்தகம் படிச்சாலும் நமக்கு உறைக்காது.

அதே மாதிரி முடிக்குப் போற கோடு வேற ஜாதி, உதிரியா, பிரிஞ்சு, வேகமா. முகத்துக்குப் போறப்ப கோடு சின்னதாகும், கவனமாகும். ஒரே கை, ஒரே கிரேயான், ஆனா வேகம் இடத்துக்கு இடம் மாறுது. எங்க நிதானம், எங்க வேகம்னு உங்க டிரேசிங் மேலயே கலர் பென்சிலால குறிச்சு வச்சுக்கோங்க, உங்க கட்டுரையோட எலும்புக்கூடு அதுதான்.

இதுக்கு ஒரு சாட்சியமும் இருக்கு. ஷீலேவை நேர்ல பாத்த ஹைன்ரிஷ் பெனஷ், ரயில்வேயில வேலை பாத்த சேகரிப்பாளர், அவர் எழுதி வச்சிருக்கிறபடி ஷீலே ரப்பர் உபயோகிக்க மாட்டார், மாடல் அசைஞ்சிட்டா பக்கத்துலயே அதே உறுதியோட புதுக் கோடு போட்டுட்டுப் போவார். அப்படின்னா நாம பாக்குற ஒவ்வொரு கோடும் திருத்தாம நின்ன முடிவு. ரெட்டைக் கோடு எங்கயாவது தெரிஞ்சா அது கவனக்குறைவு இல்ல, அந்த நிமிஷத்துல மாடலோ அவர் கண்ணோ நகர்ந்திருக்கு.

ஆனா இதை எல்லாருக்கும் பொருத்தாதீங்க. மத்தீஸ் பேனாவால போட்ட படம் ஒரே மூச்சுல போட்ட மாதிரி இருக்கும், அதைப் பாத்து "வேகமா, யோசிக்காம வரைஞ்சது"ன்னு எழுதுவாங்க. அவரே 1939ல எழுதியிருக்கார், அந்தப் பேனாக் கோட்டுக்கு முன்னாடி கரிக்கோல்ல பல பயிற்சிப் படம் போட்டு மாடலைப் பழகிக்குவாராம். கோடு கம்மின்னா உழைப்பும் கம்மின்னு அர்த்தம் இல்ல.

5. நாற்காலி எங்க?

டிரேசிங்கை எடுத்து ஒரு வெள்ளைத் தாள் மேல வைங்க. அவ எது மேல உக்காந்திருக்கா? ஒன்னுமே இல்ல. தரையில்ல, மெத்தையில்ல, நிழல் இல்ல, சுவர் இல்ல. ஆனாலும் அவ மிதக்குற மாதிரி தெரியாது, உக்காந்திருக்கான்னுதான் நம்புறோம். அந்த நம்பிக்கை எங்கருந்து வருதுன்னு தேடுங்க, இடுப்பு எங்க அழுந்துது, கீழ படுக்க வச்ச கால் எப்படித் தரையை உண்டாக்குது, எல்லாம் உடம்புக்குள்ளயேதான் இருக்கு.

அடுத்து ஓரம். தலைக்கு மேல எவ்வளவு இடம், காலுக்குக் கீழ எவ்வளவு, எந்தப் பக்கம் நெருக்கம்னு ஸ்கேல் வச்சு அளங்க. அதுக்குத்தான் ஓரம் வெட்டாத பிரிண்ட் கேட்டேன்.

அப்புறம் கையெழுத்து. ஷீலே தன் பேரையும் வருஷத்தையும் எந்தப் பக்கம் போடுறாரோ அதுதான் படத்தோட நேர்ப் பக்கம். படுத்திருந்த மாடலை வரைஞ்சிட்டு, பேப்பரை நிமிர்த்தி கையெழுத்து போட்டு, நிக்கிற மாதிரி மாத்தின படங்கள் அவர்கிட்ட உண்டு. அதனால ஷீலேவோட எந்தப் படத்தையும் "உக்காந்திருக்கா"ன்னு எழுதுறதுக்கு முன்னாடி பேப்பரைத் தொண்ணூறு டிகிரி திருப்பி ஒரு தடவை பாருங்க. பார்வைக் கோணத்தையும் பாருங்க, அவர் மாடலை ஏணி மேல இருந்து பாத்தும் வரைஞ்சிருக்கார், உயரம் குறைஞ்ச ஸ்டூல்ல உக்காந்தும் வரைஞ்சிருக்கார்.

6. கலரைத் தனியா படிங்க

பெனஷ் சொல்ற இன்னொரு தகவல், ஷீலே மாடல் முன்னாடி கோடு மட்டும்தான் போடுவார், கலர் எல்லாம் மாடல் போன பிறகு ஞாபகத்துல இருந்து. இது தெரிஞ்சா படத்தையே ரெண்டு நேரமா பிரிச்சுப் படிக்கலாம். கறுப்புக் கிரேயான் கோடு அந்தப் பெண் எதிர்ல இருந்தப்ப போட்டது. கூவாஷும் (வாட்டர்கலர் மாதிரிதான், ஆனா அடியில இருக்கிறது தெரியாம மூடுற பெயிண்ட்) வாட்டர்கலரும் அவ இல்லாதப்ப வந்தது. இந்தப் படத்துல பச்சையை உத்துப் பாருங்க, ஒரே சீரா பூசின பச்சை இல்ல, பிரஷ் போன தடம் தெரியும். அந்தத் தடம் துணி மடிப்போட போகுதா, இல்ல தன் இஷ்டத்துக்குப் போகுதா? முடியோட செம்பட்டை நிறம் அந்தப் பச்சைக்கு எதிரா நிக்குது, நம்ம கண்ணு முதல்ல அங்கதான் போகுது.

கலர் பிரிண்டை கறுப்பு-வெள்ளையில இன்னொரு காப்பி எடுத்துப் பக்கத்துல வச்சா இது பளிச்னு தெரியும். ஒரே செலவு, ரெண்டாவது பிரிண்ட்.

7. "அவ யாரு?"ங்கிற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்க

சிலர் இது ஷீலேவோட மனைவி எடித்ங்கிறாங்க, சிலர் எடித்தோட அக்கா அடேல் ஹார்ம்ஸ்ங்கிறாங்க. ரெண்டு பேரும் ஜாடையில ஒத்தவங்க, அதனால நீங்க அதைத் தீர்த்து வைக்கணும்னு அவசியம் இல்ல, ரெண்டு கருத்து இருக்குன்னு ஒரு வரி எழுதுங்க, போதும். மனைவின்னு முடிவு பண்ணிட்டா "அன்பான பார்வை"ன்னு எழுதத் தோணும், மனைவியோட அக்கான்னு முடிவு பண்ணிட்டா அதே பார்வை "தூண்டுற பார்வை" ஆயிடும். படம் மாறல, நம்ம வதந்திதான் மாறுது.

இதை விட மோசமான பொறி, சாவு. எடித் 1918 அக்டோபர் 28ல ஸ்பானிஷ் ஃப்ளூவுல இறந்தாங்க, வயித்துல பிள்ளையோட, மூணு நாள் கழிச்சு 31ல ஷீலேவும் போயிட்டார், வயசு 28. கேக்கவே மனசு கனக்கிற விஷயம், ஆனா அதைக் கொண்டுவந்து 1917 படத்துல "மரணத்தின் நிழல்"னு ஏத்தாதீங்க. 1917ல அந்த நோயே வரல. அந்த வருஷம் ராணுவ வேலையில இருந்த அவருக்கு வியன்னாவுக்கே மாற்றல் கிடைச்சு, மறுபடி நிறைய வரைய முடிஞ்சது, அதுதான் படத்தோட நிஜக் காலம். 1910, 1911 வாக்குல அவர் கோடு கூர்மையா, நடுங்கி, உடைஞ்சு போகும், 1917ல அது நீளமா, உருண்டையா ஆகுது. அந்த மாற்றத்தைப் பத்தி எழுதுங்க, அதுக்குப் பேப்பர்லயே ஆதாரம் இருக்கு.

அவ பார்வையைப் பத்தி எழுதத்தான் வேணும், அதை விட முடியாது. உள்ளாடையோட இருக்கிற பெண்ணை ஒரு ஆண் வரையிறார், விக்கிறார், நாம பாக்குறோம். 1912ல நாய்லெங்பாக் ஊர்ல ஷீலேவைக் கைது பண்ணி, மொத்தம் 24 நாள் அடைச்சு வச்சிருந்தாங்க, சின்னப் பிள்ளைங்க கண்ணுல படுற மாதிரி ஆபாசப் படங்களை வச்சிருந்தார்னு தண்டனை. இதை மறைச்சு எழுதுறது நேர்மை இல்ல. அதே சமயம் இந்தப் படத்துல அவ கண்ணைத் தாழ்த்தல, நேரா நம்மளைப் பாக்குறா, அதையும் சேர்த்து எழுதணும்.

8. பக்கத்துல இன்னொரு படம் வைங்க

ஒப்பிடாம எழுதினா கட்டுரை பாராட்டுரையாத்தான் முடியும். நான் சிபாரிசு பண்றது வியன்னா ஓவியர் க்ளிம்ட். அடேல் ப்ளாக்-பாவர் (இது வேற அடேல்) உருவப்படத்துக்காக 1903, 1904ல அவர் நூத்துக்கும் மேல கோட்டுப் படம் போட்டார், பல படத்துல அடேல் நாற்காலியில உக்காந்திருக்காங்க, ஆனா நாற்காலி எங்க முடியுது துணி எங்க ஆரம்பிக்குதுன்னு பிரிக்க முடியாது. க்ளிம்டோட கோடு துணி வழியா வழிஞ்சு இறங்கும், உடம்பு உள்ள ஒளிஞ்சிருக்கும். ஷீலேவோட கோடு எலும்பைத் தேடிப் போகும். இந்த ஒரு வித்தியாசத்தை வச்சே ஒரு பக்கம் எழுதலாம்.

9. எழுதுற வரிசை

கண்ணால பாத்தது முதல்ல, அது எப்படிச் செஞ்சிருக்குங்கிறது ரெண்டாவது, அர்த்தம் மூணாவது. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் எதிர்ல ஒரு கோட்டைக் காட்ட முடியணும், காட்ட முடியலன்னா அந்த வாக்கியத்தை அடிச்சிடுங்க.

"இந்தப் பெண் தனிமையில் வாடுகிறாள்"னு எழுதினா வாத்தியார் எங்கன்னு கேப்பார், பதில் இருக்காது. "தலையின் பாரம் முழுவதும் முழங்காலில் இறங்குகிறது, உடம்பு தன் மேலேயே சாய்ந்துகொள்கிறது, சாய வேறு பொருள் எதையும் ஓவியர் வரையவில்லை"ன்னு எழுதினா, தனிமைங்கிற வார்த்தையே இல்லாம அது வந்துடும், யாரும் மறுக்கவும் முடியாது.

10. நேர்ல பாக்கணும்னா

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி மியூசியத்துக்கு மெயில் போடுங்க, இது ரொம்ப முக்கியம். பேப்பர் வேலைகளை வெளிச்சம் கெடுத்துடும், அதனால மங்கலான வெளிச்சத்துல, சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு), சில மாசம் மட்டும் வெளிய வச்சிட்டு அப்புறம் வருஷக்கணக்குல உள்ள எடுத்து வச்சிடுவாங்க. ஆல்பர்டினாவுல இருக்கிற, ட்யூரர் வரைஞ்ச புகழ்பெற்ற முயல் படத்துக்கே பெரும்பாலான நாள் நகல்தான் சுவர்ல இருக்கும். பிராக் போய் இறங்கி, படம் உள்ள இருக்குன்னு தெரிஞ்சா ஒன்னும் பண்ண முடியாது. வெளிய இல்லைன்னா ஸ்டடி ரூம்ல பாக்க முடியுமான்னு கேளுங்க, காரணம் எழுதணும், கேட்டலாக் நம்பர் கொடுக்கணும், காலேஜ்ல இருந்து ஒரு லெட்டர் இருந்தா நல்லது, சில வாரம் முன்னாடியே கேக்கணும். இப்படிப்பட்ட ரூம்ல பேனா விடமாட்டாங்க, பென்சில்தான்.

வியன்னா, பிராக் ரெண்டும் ஒரே ஷெங்கன் விசாவுல வரும். கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ, 2024 ஜூன்ல இருந்து, விசா சென்டரோட சர்வீஸ் சார்ஜ் தனி. பயணத்துக்கு 6 மாசம் முன்னாடி இருந்து அப்ளை பண்ணலாம், கடைசிக் கெடு 15 நாள் முன்னாடி, ஆனா முடிவு வர 15 நாள் ஆகும், சில சமயம் 45 நாள் வரைக்கும் இழுக்கும், அதனால ரெண்டு மாசம் கைவசம் வைங்க. டிராவல் இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் அப்ளை பண்ணணும், வியன்னாவுல நாலு நாள், பிராக்ல ரெண்டு நாள்னா ஆஸ்திரியாவுக்கு. ரெண்டு ஊருக்கும் நடுவுல ரயில் சுமார் நாலு மணி நேரம். மியூசியம் அனுமதிக் கடிதம் கையில வந்திருந்தா அதையும் விசா ஃபைல்ல சேர்த்துடுங்க.

போறப்ப உங்க டிரேசிங்கைச் சுருட்டி எடுத்துட்டுப் போங்க. அழுத்தம்னு நீங்க குறிச்ச இடத்துல பேப்பர்ல உண்மையிலயே பள்ளம் இருக்கா, கிரேயான் மேல கலர் ஏறியிருக்கா, கலர் மேல கோடு மறுபடி வந்திருக்கான்னு நேர்ல பாத்து அந்தத் தாள்லயே பென்சிலால திருத்திக்கோங்க.